முரண்பாட்டுத் தீர்வு இளங்கலைப் பட்டம்: என்ன படிப்பு, படித்தபின் என்ன?

ஆற்றோரம்:
ப்ளஸ் டூ முடிந்தது. முரண்பாட்டுத் தீர்வையே இளங்கலையில் எடுக்க ஆசை. வீட்டில் "பஞ்சாயத்து பண்ண டிகிரி எதுக்கு?" என்கிறார்கள். வகுப்பில் உண்மையில் என்ன சொல்லித்தருவார்கள்? இந்தியாவிலேயே படிக்க வழி உண்டா? பட்டம் வாங்கினால் சமரசர், அதாவது மீடியேட்டர், ஆகிவிடலாமா?

தறிநாடா:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், பலரும் ஏமாறுவது அங்கேதான். பட்டம் வேறு, சமரசர் தகுதி வேறு. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தில் உட்கார 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட மையங்களில் பெரும்பாலும் அனுபவமுள்ள வழக்கறிஞர்கள்தான் சமரசர்கள். பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு 21 வயதில் அந்த நாற்காலியை எதிர்பார்க்க வேண்டாம்.

2023-இல் வந்த சமரசச் சட்டத்தைப் படித்து வையுங்கள். ஓர் ஊரின் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறுகளுக்கு மூன்று பேர் கொண்ட குழு சமரசம் செய்ய அதில் இடம் உண்டு. ஆனால் அந்த உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பு போல நிறைவேற்றச் சொல்ல முடியாது. சட்டத்தின் பிரிவுகளும் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை, எது வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குச் சொல்ல ஒரு வரி: பஞ்சாயத்தில் முடிவைச் சொல்பவர் நாட்டாமை, சமரசத்தில் முடிவெடுப்பவர்கள் இரு தரப்பினர்தான். சமரசர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் அது சமரசமே இல்லை.

கடைமடை:
பாடத்துக்கு வருவோம். பாதி கோட்பாடு, பாதி கைப்பழக்கம். கோட்பாட்டில் நார்வே நாட்டு அமைதி ஆய்வாளர் யோஹான் கால்துங்கை முதலிலேயே பார்ப்பீர்கள். அவர் சொல்வது: சண்டை ஓய்ந்திருப்பது மட்டும் ஒருவகை அமைதி, அநீதியும் நீங்கியிருப்பது இன்னொரு வகை. பிறகு தரவு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத்தொகுப்பு, ஓர் ஆண்டில் குறைந்தது 25 பேர் மோதலில் இறந்தால்தான் அதை ஆயுத மோதலாகக் கணக்கில் சேர்க்கும். இப்படி எல்லை வகுத்து எண்ணுவதால் புள்ளியியலைத் தவிர்க்க முடியாது. கணக்கைக் கண்டு ஓடுகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுவார்கள்.

கைப்பழக்கம் என்பது, தகராறின் இரு தரப்பாகவும் சமரசராகவும் மாணவர்களே வகுப்பில் நடித்துப் பார்ப்பது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு வாய்க்கால். "ஷட்டரை மூடாதே" என்கிறார் தலைமடைக்காரர். "எனக்குப் பாதித் தண்ணீர் வேண்டும்" என்கிறார் கடைமடைக்காரர். இவை நிலைப்பாடுகள். கேட்டுக்கொண்டே போனால் அடியில் இருப்பது தெரியும்: தலைமடையில் இப்போதுதான் நடவு, கடைமடையில் பயிர் பூக்கிற பருவம். தேதி வேறுபடுவதால் முறை வைத்துத் தண்ணீர் விட வழி பிறக்கிறது.

புதிதாகப் பழகுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பத்தாவது நிமிடத்திலேயே தீர்வைச் சொல்லிவிடுவது. பேசி முடிக்காதவர் எந்தத் தீர்வையும் ஏற்கமாட்டார். இன்னொன்று, "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பது. அது விசாரணை போல ஒலிக்கும், எதிரே இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். "அன்று என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்றால் பேச்சு வரும்.

உடன்பாட்டு வாசகத்தையும் எழுதப் பழக்குவார்கள். "தண்ணீரைச் சமமாகப் பகிர்ந்துகொள்வோம்" என்று எழுதினால் அடுத்த வாரமே உடையும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, சாவி யாரிடம், மழை பெய்தால் முறை தள்ளுமா, மீறினால் முதலில் யாரிடம் சொல்வது, இவ்வளவும் வேண்டும்.

மேட்டுத்தெரு:
படிக்கும் இடங்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அமைதி ஆய்வுத் துறை 1973-இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இதே பாடத்தில் கலை, அறிவியல் என இரண்டு வகை இளங்கலைப் பட்டங்களும் உண்டு.

இந்தியாவில் இந்தப் பாடம் முதுகலையில்தான் அதிகம். டெல்லி ஜாமியா மில்லியாவின் நெல்சன் மண்டேலா மையத்தில் இதற்கென்றே எம்.ஏ. இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் காந்தியச் சிந்தனை, அமைதி அறிவியலுக்குத் துறையே உண்டு. அதனால் இளங்கலையில் அரசியல் அறிவியல், சமூகப்பணி, உளவியல், ஐந்தாண்டுச் சட்டம் இவற்றில் ஒன்றை எடுத்து, முதுகலையில் இதற்குள் வருவதே நான் சொல்லும் வழி. நீதிமன்றச் சமரசம்தான் குறி என்றால் சட்டத்தை விடாதீர்கள்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பாடத்திட்டத்தில் நடிப்புப் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம், களப்பணி கட்டாயமா, ஆய்வு முறையியல் உண்டா என்று பாருங்கள். மூன்றும் இல்லாவிட்டால் அது பெயர் மாற்றிய அரசியல் அறிவியல்.

ஆற்றோரம்:
நன்றி. சட்டமா சமூகப்பணியா என்றுதான் இப்போது குழப்பம்.

தறிநாடா:
சொத்து, வணிகம், விவாகரத்து வழக்குகள் என்றால் சட்டம். ஊர், சாதி, நீர், நிலத் தகராறுகள் என்றால் சமூகப்பணி. எதை எடுத்தாலும் விடுமுறையில் ஒரு நாள் உங்கள் மாவட்ட சமரச மையத்தின் வாசல்வரை போய், வருகிறவர்கள் என்ன மாதிரி வழக்கோடு வருகிறார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள். அமர்வு நடக்கும் அறைக்குள் விடமாட்டார்கள், உள்ளே பேசுவது ரகசியம்.