டச் பேனலில் மறைத்த அம்புக்குறி காலையில் திரும்பி வந்துவிடுகிறது, உதவி தேவை

பட்டறை எலக்ட்ரீஷியன்:
வணக்கம். எங்கள் சாயப்பட்டறையில் ஒரு டையிங் மெஷின் பழைய பேனல் பிசியில் ஓடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட், சீரியல் கேபிளில் டச் ஸ்கிரீன், ஹார்டு டிஸ்குக்குப் பதில் சிஎஃப் கார்டு என்ற மெமரி கார்டு. மவுஸே கிடையாது. ஆனாலும் கடைசியாக விரல் வைத்த இடத்தில் அம்புக்குறி அப்படியே நிற்கிறது.

போன வாரம் ஸ்கிரீனில் சோடா அளவு 7.5 கிலோ. அம்பின் நுனி சரியாகப் புள்ளியின் மேல் உட்கார்ந்துவிட்டது. நைட் ஷிப்ட் ஆபரேட்டர் 75 என்று படித்து எடை போடப் போய்விட்டார். மேஸ்திரி கவனித்ததால் துணி தப்பியது. அவரைக் குறை சொல்ல முடியாது, நான் பார்த்தபோதும் 75 என்றுதான் தெரிந்தது.

மவுஸ் செட்டிங்கில் 'டைப் செய்யும்போது மறை' என்பதை டிக் செய்தேன், பயனில்லை. பிறகு ஒன்றுமே வரையாத வெற்றுக் கர்சர் ஃபைல் செய்து போட்டேன். அம்பு போனது. காலையில் மெஷினை ஆன் செய்தால் மறுபடியும் நிற்கிறது. மூன்று முறை செய்துவிட்டேன்.

கண்ட்ரோல் பேனல்காரர்:
மவுஸ் இல்லாத கம்ப்யூட்டரில் விண்டோஸ் அம்பைக் காட்டாது. உங்கள் டச் டிரைவர் தன்னை மவுஸ் என்று சொல்லிக்கொள்கிறது, அதனால்தான் வருகிறது. சில டச் டிரைவர்களின் செட்டிங்கிலேயே கர்சரை மறைக்க ஒரு டிக் இருக்கும். அதை முதலில் பாருங்கள்.

பட்டறை எலக்ட்ரீஷியன்:
பார்த்தேன் சார், இந்த டிரைவரில் கேலிபரேஷன், அதாவது விரல் படும் இடத்தைச் சரிசெய்வது, மட்டும்தான் இருக்கிறது.

பழைய எக்ஸ்பி:
தம்பி, நீங்கள் செய்தது சரிதான். அழிப்பது ரைட் ஃபில்டர். சிஎஃப் கார்டில் எழுத எழுத ஆயுள் குறையும் என்பதால், எம்பெடட் எக்ஸ்பியில் சி டிரைவுக்கு முன்னால் இதைப் போட்டிருப்பார்கள். நீங்கள் மாற்றுவதெல்லாம் ரேமில்தான் நிற்கும், ரீஸ்டார்ட் ஆனதும் போய்விடும். கமாண்ட் பிராம்ப்டில் ஈடபிள்யூஎஃப்எம்ஜிஆர் என்று அடித்து, இடம் விட்டு சி டிரைவைக் கொடுங்கள். ஸ்டேட் எனேபிள்டு என்று வந்தால் அதுதான் காரணம்.

பட்டறை எலக்ட்ரீஷியன்:
எனேபிள்டு என்றே வருகிறது! மாற்றத்தைக் கார்டிலேயே பதிய கமிட் செய்யலாமா? மெஷின் நின்றுபோனால் முதலாளிக்குப் பதில் சொல்ல முடியாது, பயமாக இருக்கிறது.

பழைய எக்ஸ்பி:
பயம் நல்லதுதான். முதலில் மெஷினை நிறுத்தி, சிஎஃப் கார்டைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் முழு இமேஜ், அதாவது கார்டின் அச்சு அசல் நகல், எடுத்து வையுங்கள். எக்ஸ்பி எம்பெடடுக்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2016 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, அந்த இமேஜ்தான் உங்களுக்குத் துணை.

அப்புறம் ஒரு விஷயம். கமிட் என்றால் கர்சர் மட்டும் பதியாது. அந்த நேரத்தில் ரேமில் இருக்கும் எல்லா மாற்றமும் கார்டில் ஏறும். அதனால் ரீஸ்டார்ட் செய்து, வேறு எதையும் தொடாமல், கர்சரை மட்டும் மாற்றுங்கள். மெஷின் சாஃப்ட்வேர் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசரில் மாற்ற வேண்டும், இந்த செட்டிங் ஒவ்வொரு யூசருக்கும் தனி. நார்மல் செலக்ட், லிங்க் செலக்ட், டெக்ஸ்ட் செலக்ட் மூன்றுக்கும் வெற்று ஃபைல் கொடுங்கள். மணல் கடிகாரத்தை விட்டுவிடுங்கள். அதையும் மறைத்தால், மெஷின் யோசிக்கிறது என்று தெரியாமல் ஆபரேட்டர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவார்.

பிறகு அதே கட்டளையின் பின்னால் ஹைஃபன் போட்டு கமிட். உடனே மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள், கார்டில் எழுதுவது ஷட்டவுன் ஆகும்போதுதான். ஸ்டார்ட் மெனு வழியாகவே அணையுங்கள்.

பட்டறை எலக்ட்ரீஷியன்:
நேற்று செய்தேன். இன்று காலை இரண்டு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தேன், அம்பு வரவில்லை! லாகின் ஆகும் முன் ஒரு கணம் தெரிகிறது, அது இருக்கட்டும். ரொம்ப நன்றி அண்ணே. ஒரே கவலை, சர்வீஸ் இன்ஜினியர் மவுஸ் மாட்டினாலும் அம்பு தெரியாதே?

பழைய எக்ஸ்பி:
அவரை மவுஸ் செட்டிங்கில் விண்டோஸ் டிஃபால்ட் ஸ்கீமைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அம்பு வந்துவிடும். வேலை முடிந்து அவர் மறந்துவிட்டுப் போனாலும், கமிட் செய்யாதவரை அடுத்த ரீஸ்டார்ட்டில் அந்த ஃபில்டரே மறைத்துவிடும். பேனல் கதவின் உள்பக்கம் இதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள், இமேஜ் எடுத்த தேதியோடு.