பாதுகாப்புப் பயிற்சிக்கு அரசு மானியம்: எங்கள் மாவு யூனிட்டுக்குக் கிடைக்குமா?

செல்வி (ஃபிரேமிங்ஹாம், மாசசூசெட்ஸ்):

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் இங்கே இட்லி, தோசை மாவு அரைத்து இந்தியக் கடைகளுக்குப் போடுகிறோம். 14 பேர் வேலை செய்கிறார்கள். பாதிக்கு மேல் பிரேசில்காரர்கள், போர்ச்சுகீஸ் பேசுவார்கள். நாலு பேர் ஸ்பானிஷ், மீதி நம்ம ஆட்கள்.

போன மாதம் ஒரு பெண் பெரிய கிரைண்டரின் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் இருந்தவர் தெரியாமல் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார். இரண்டு விரலில் எலும்பு முறிவு. இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார், ஆனால் கிரைண்டர் பக்கமே போக மாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

எல்லோருக்கும் முறையாகப் பயிற்சி கொடுக்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் சூசன் ஹார்வுட் கிராண்ட் என்று ஒரு பயிற்சி மானியம் இருப்பதாகப் படித்தேன். ஒருவர் போன் செய்து, கிடைக்கும் தொகையில் பங்கு கொடுத்தால் விண்ணப்பத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

முரளி (எடிசன், நியூ ஜெர்சி):

ஹார்வுட் உங்களுக்குக் கிடைக்காதுங்க. லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மட்டும்தான்: தொழிற்சங்கம், கல்லூரி, சமூக அமைப்பு, முதலாளிகள் சங்கம் மாதிரி. தனியார் கம்பெனி விண்ணப்பிக்க முடியாது. பங்கு கேட்கிற ஆளிடம் தயவுசெய்து எந்த விவரமும் கொடுக்காதீர்கள்.

தனலட்சுமி (வூஸ்டர், மாசசூசெட்ஸ்):

செல்வி, அந்தப் பெண்ணுக்கு விரல் முழுசாக மடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பிசியோதெரபியை நிறுத்த விடாதீர்கள்.

நான் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவள். முரளி சொன்னது சரி. ஆனால் ஹார்வுட் பணம் உங்களுக்கு வராவிட்டாலும் அதன் பலன் வரும். அந்தப் பணத்தில் நடக்கும் வகுப்புகளுக்குத் தொழிலாளர்கள் கட்டணம் கட்ட வேண்டாம். அதில் உருவான பாடங்கள் ஓஷா தளத்தில் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

1978-ல் வேறு பெயரில் தொடங்கிய திட்டம் இது. ஓஷாவில் வேலை பார்த்த சூசன் ஹார்வுட் 1996-ல் இறந்த பிறகு, 1997-ல் அவர் பெயரை வைத்தார்கள். பஞ்சுத் தூசி, பென்சீன், ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் இவற்றுக்கான பாதுகாப்பு விதிகளுக்காக உழைத்த அறிவியலாளர். எங்கள் ஊர் கோயம்புத்தூர். மில்லில் வேலை பார்த்தவர்கள் ராத்திரி முழுக்க இருமுவதைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், பஞ்சுத் தூசிக்கு விதி எழுத உழைத்தவரை எனக்கு மறக்க முடிவதில்லை. 2017 முதல் சில வருடங்கள் வெள்ளை மாளிகை அனுப்பிய பட்ஜெட்டுகளில் இந்தத் திட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம்தான் விடாமல் பணம் ஒதுக்கியது.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் தட்ட வேண்டிய கதவு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. டிஐஏ என்று சொல்கிற தொழில் விபத்துத் துறை பாதுகாப்புப் பயிற்சிக்கென்றே மானியம் தருகிறது, ஒரு நிறுவனத்துக்கு 25,000 டாலர் வரை. மாநிலச் சட்டப்படி தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இருக்கும் தனியார் நிறுவனம் விண்ணப்பிக்கலாம். இந்தப் பணம் வகுப்புக்கு மட்டும்தான், இயந்திரமோ தடுப்புக் கம்பியோ வாங்க முடியாது.

விண்ணப்பத்தை நீங்களே எழுதுங்கள். யாரோ எழுதித் தருகிற விண்ணப்பத்தில் 'பாதுகாப்புக் கலாச்சாரம்' என்று பத்து இடத்தில் இருக்கும், உங்கள் கிரைண்டர் ஒரு இடத்திலும் இருக்காது. உங்களிடம் பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் ஓஷா 300 படிவத்தில் காயங்களைப் பதிந்திருப்பீர்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இயந்திரம், யார் கழுவுகிறார்கள், எந்த ஷிஃப்ட், என்ன மொழி என்று எழுதுங்கள். தொழிலாளிக்குப் புரிகிற மொழியில், புரிகிற சொற்களில் பயிற்சி இருக்க வேண்டும் என்று ஓஷாவே 2010-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. போர்ச்சுகீஸில் ஒரு வகுப்பு, ஸ்பானிஷில் ஒரு வகுப்பு, தமிழில் ஒன்று என்று கேளுங்கள். பாதி ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போகிற ஆங்கில வகுப்பு எனக்குக் கோபத்தை வரவழைக்கிற விஷயம்.

உங்களுக்கு வேண்டிய பாடத்துக்குப் பெயர் லாக்அவுட். மெயின் சுவிட்சை அணைத்து அதில் சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். கல்லில் கை வைக்கப் போகிறவர் பூட்டுகிறார், பெயர் எழுதிய அட்டையை மாட்டுகிறார், சாவி அவர் பாக்கெட்டில். அப்புறம் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறார். ஓடவில்லை என்றால்தான் கை உள்ளே போகும். இரண்டு பேர் கழுவினால் இரண்டு பூட்டு. சூப்பர்வைசரிடம் மாற்றுச் சாவி இருந்து அவர் இஷ்டத்துக்குத் திறந்தால் பூட்டு போட்டதற்கே அர்த்தமில்லை. பிளக் வைத்த சின்ன கிரைண்டருக்குப் பூட்டு வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, கழுவுகிறவர் கைக்கு எட்டும் இடத்திலேயே, அவர் கட்டுப்பாட்டிலேயே இருந்தால் போதும்.

நான் வகுப்பில் பூட்டைக் கையில் கொடுத்து அவர்கள் இயந்திரத்திலேயே போடச் சொல்வேன். பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்று கண்ணால் பார்க்கிறபோது முகம் மாறும். உங்கள் பணியாளருக்கும் முதலில் அதைச் செய்ய வாய்ப்புக் கொடுங்கள், அவசரப்படுத்தாமல்.

பாலா (கொலம்பஸ், ஒஹாயோ):

எங்கள் மாநிலத்தில் முறை வேறு. தொழிலாளர் இழப்பீட்டு வாரியம், பிடபிள்யூசி, இயந்திரத்துக்கே மானியம் தருகிறது. நாம் ஒரு டாலர் போட்டால் அவர்கள் மூன்று, 40,000 டாலர் வரை. தடுப்புக் கம்பி, தூக்கும் கருவி எல்லாம் அதில் வாங்கியவர்களைத் தெரியும். ஒஹாயோவில் இதைப் படிக்கிறவர்கள் கேட்டுப் பாருங்கள்.

செல்வி:

தனலட்சுமி அக்கா, ரொம்ப நன்றி. போன் செய்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மானியம் வர நாளாகுமே, அதுவரை என்ன செய்வது? ஓஷாவைக் கூப்பிட்டால் அபராதம் போட்டுவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

தனலட்சுமி:

பூட்டுக்குக் காத்திருக்காதே செல்வி, ஹார்ட்வேர் கடையில் நாளைக்கே வாங்கிவிடலாம். மெயின் சுவிட்சில் பூட்டுப் போட ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்.

அப்புறம், அபராதம் போடுகிற ஓஷா வேறு, ஆலோசனைத் திட்டம் வேறு. சின்ன நிறுவனங்களுக்கு அது இலவசம். நம் மாநிலத்தில் தொழிலாளர் தரநிலைத் துறை நடத்துகிறது. கூப்பிட்டால் வந்து பார்த்து எது ஆபத்து என்று எழுதிக் கொடுப்பார்கள். அபராதம் கிடையாது, ரகசியமாகவும் வைப்பார்கள். ஒரே நிபந்தனை, பெரிய ஆபத்து என்று சொன்னதை ஒப்புக்கொண்ட தேதிக்குள் சரி செய்தே ஆக வேண்டும். அந்த அறிக்கையைப் பார்த்து மானிய விண்ணப்பத்தை எழுதினால், எந்த வகுப்பு வேண்டும் என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது. எழுதியதும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு, படித்துச் சொல்கிறேன்.