அஹாவா சாக்கடல் கிரீம்: ‘இஸ்ரேல்’ என்று அச்சிட்டதில் என்ன தகராறு?

கேள்வி: பொருட்கணக்கு
சாக்கடல் சேறு, உப்பில் அழகுப் பொருள் செய்யும் இஸ்ரேலியக் கம்பெனி அஹாவாவைப் புறக்கணிக்கச் சொல்லி 2009-ல் தொடங்கிய பிரச்சாரத்தைப் பற்றிப் படித்தால் இரண்டு குற்றச்சாட்டு கலந்தே வருகிறது. ஆலை, 1967-ல் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியேற்றத்தில் இருந்தது என்பது ஒன்று, சேற்றையும் அங்கேயே அள்ளினார்கள் என்பது மற்றொன்று. ஐரோப்பிய இறக்குமதியில் எதைக் கணக்கில் எடுப்பார்கள்? சேறு எடுத்த இடமா, ஆலையா, கம்பெனி முகவரியா? டப்பாவைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

சுங்கவாசல்
முகவரியை முதலில் தள்ளிவிடுங்கள், அதற்கு மதிப்பில்லை. கடைசியாகக் கணிசமான தயாரிப்பு வேலை எங்கே நடந்ததோ அதுவே பிறப்பிடம். கிரீம் என்றால் எண்ணெயையும் நீரையும் தனித்தனியே சூடாக்கி, குழம்பாக்கி, ஆறவைத்து அடைக்க வேண்டும். அது நடந்தது மிட்ஸ்பே ஷலேம் என்ற கிபுட்ஸில் (கூட்டுப்பண்ணைக் குடியிருப்பு), அதாவது 1967-க்கு முந்தைய எல்லைக்கு வெளியே. அந்தக் கிபுட்ஸும் கலியா கிபுட்ஸும் கம்பெனியில் பங்குதாரர்கள் வேறு.

பாக்கெட்டில் வரும் வெறும் சேறு வேறு கதை. சலிப்பதும் அடைப்பதும் பிறப்பிடத்தை மாற்றாது, அள்ளிய இடமே பிறப்பிடம்.

தீர்வைச் சலுகைக்கு வருவோம். மேற்குக் கரைப் பொருளுக்கு, ஐரோப்பிய ஒன்றியம் இஸ்ரேலோடு போட்ட ஒப்பந்தத்தின் தீர்வைச் சலுகை கிடையாது என்று 2010 பிப்ரவரியில் பிரிட்டா வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. சுங்கப் பட்டியலில் முகக் கிரீம் வரும் 3304 தலைப்புக்கு ஐரோப்பாவில் தீர்வையே பூஜ்யம், சலுகை கேட்க வேண்டியதே இல்லை. வாசனைக் குளியல் உப்பு 3307-ல் வரும், அதற்கு 6.5%. ஆகவே கிரீமில் சண்டை முழுக்க லேபிள் சண்டைதான்.

களிம்புக்கடை
டப்பாவைப் பார்த்து ஏமாற வேண்டாம். பார்கோடு 729-ல் தொடங்கினால் எண்ணை இஸ்ரேலில் பதிவு செய்தார்கள் என்று மட்டும் பொருள். உட்பொருள் பட்டியலில் ‘மாரிஸ் லைமஸ்’ (சேறு), ‘மாரிஸ் சால்’ (உப்பு) என்று இருக்கும், எந்தக் கரை என்று இருக்காது. ஐரோப்பியச் சட்டப்படி டப்பாவில் போடும் பொறுப்பாளர் முகவரியோ ஐரோப்பிய இறக்குமதியாளருடையது.

இறக்குமதியாளரிடம் லாட் எண்ணைக் கொடுத்து ஐஎஸ்ஓ 22716 (அழகுப் பொருளுக்கான நல்ல தயாரிப்பு முறை) சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் ஆலை இருக்கும் இடம் எழுதியிருக்கும். தலைமை அலுவலக முகவரி மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். தீர்வைச் சலுகை கேட்கும் பிறப்பிடச் சான்று இருந்தால் இன்னும் எளிது: ஐரோப்பிய ஒன்றியமும் இஸ்ரேலும் செய்துகொண்ட 2005 ஏற்பாட்டின்படி தயாரித்த ஊரும் அஞ்சல் குறியீடும் அதில் இருந்தாக வேண்டும். கிரீமுக்குப் பெரும்பாலும் அந்தச் சான்றே எடுக்க மாட்டார்கள், காரணம் மேலே சொன்ன பூஜ்யம்.

வாய்தா
சட்டப் பக்கம் ஒரு திருத்தம். லண்டன் வழக்கில் போராட்டக்காரர்கள் ஜெயித்ததாக இன்னும் பரப்புகிறார்கள். 2010-ல் இருவர் லண்டன் கவன்ட் கார்டனில் இருந்த அஹாவா கடைக்குள் கான்கிரீட்டோடு தங்களைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ‘சாக்கடல், இஸ்ரேல்’ என்ற லேபிள் பொய், அதனால் கடையின் வியாபாரமே சட்டவிரோதம் என்பது வாதம். 2014 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. லேபிளில் தவறே இருந்தாலும் விற்பனை சட்டவிரோதம் ஆகாது என்பது காரணம். கடை 2011-லேயே மூடியாகிவிட்டது.

ஐரோப்பாவில் இறக்குமதி அழகுப் பொருளுக்குப் பிறப்பிட நாடு கட்டாயம், 1223/2009 விதி, பிரிவு 19. 2015 நவம்பர் விளக்கக் குறிப்பு இதைக் குடியேற்றப் பொருளுக்கும் பொருத்தி, ‘மேற்குக் கரை (இஸ்ரேலியக் குடியேற்றம்)’ என்ற வாசகத்தையும் தந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டும் 2019 ப்சாகோட் தீர்ப்பு (ஐரோப்பிய நீதிமன்றம்) உணவுப் பொருள் பற்றியது, கிரீமுக்கு நேரடியாக இழுக்காதீர்கள். அமெரிக்காவில் தலைகீழ்: மேற்குக் கரையில் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டிலுள்ள ‘சி பகுதி’ப் பொருளுக்கு ‘இஸ்ரேல்’ என்றே போடச் சொல்லி 2020 டிசம்பரில் மாற்றிவிட்டார்கள்.

பொருட்கணக்கு
நன்றி. சீனாவின் ஃபோசுன் நிறுவனம் அஹாவாவை வாங்கிய 2016-ல் எய்ன் கெடியில் ஆலை அமைக்கப்போவதாக அறிவித்தார்களே, அது போதுமா?

சுங்கவாசல்
எய்ன் கெடி பழைய எல்லைக்கு உள்ளே. அங்கே தயாரான கிரீமுக்கு ‘இஸ்ரேல்’ என்று போடத் தடையில்லை. சேற்றுக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். ஆக்கிரமித்த நிலத்தின் வளத்தை ஹேக் போர்ச் சட்ட விதி 55-ன்படி அனுபவிக்கலாம், அழிக்கக் கூடாது என்பது விமர்சகர்கள் வாதம். கனிமம் இஸ்ரேல் பகுதியிலிருந்தே வருகிறது என்று சொல்லிக் கம்பெனி குற்றச்சாட்டை மறுத்து வந்தது. ஐஎஸ்ஓ சான்றிதழ் இதற்கு உதவாது. அள்ளும் இடத்தைக் குறிப்பிட்டு மூலப்பொருள் சப்ளையர் கையெழுத்திட்ட கடிதம் தனியாக வாங்குங்கள்.