எடை குறையும்போது மார்பு வலி: டயட்டை நிறுத்த வேண்டுமா?

பூங்காற்று:
வயது 31. கல்லூரி நாட்களிலிருந்தே பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உண்டு. பீரியட்ஸ் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். 84 கிலோ இருந்தேன், இப்போது 76. ராத்திரி சோற்றைக் குறைத்துச் சுண்டல், முட்டை, காய் என்று மாற்றினேன். காலையில் நடை, சில நாள் ஸ்கிப்பிங். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது இப்போது இரண்டு மார்பும் கனத்துப்போய், தொட்டாலே வலிக்கிறது. அக்குள் பக்கம் இன்னும் அதிகம். கொழுப்பு குறைந்தால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் குறையும் என்கிறார்கள், அப்படியானால் வலி ஏன் கூடுகிறது? அம்மாவிடம் சொன்னால் டயட்டை விடு என்பார். கேன்சராக இருக்குமோ என்ற பயத்தில் தூக்கம் வரவில்லை.

செவிலி அக்கா:
பயப்படாதேம்மா. கட்டி எதுவும் இல்லாமல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வலிப்பது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. சில விவரம் சொல். கடைசி பீரியட்ஸ் எப்போது? என்ன மாத்திரை எடுக்கிறாய்? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?

பூங்காற்று:
அதுதான் அக்கா ஆச்சரியம், போன இரண்டு முறையும் மாதாமாதம் வந்துவிட்டது. அடுத்தது இந்த வாரம் வர வேண்டும். இன்சுலினைச் சீராக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான். குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

செவிலி அக்கா:
அப்படியானால் முதலில் வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்துவிடு. அது தெரியும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை எதுவும் வேண்டாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பிசிஓஎஸ் இருப்பவர்களுக்குப் பல மாதங்கள் கருமுட்டை வெளிவருவதே இல்லை. முட்டை வெளிவந்தால்தான் சினைப்பையில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் தேவையான அளவு சுரக்கும். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு இன்சுலின் அளவு இறங்கி, முட்டை வெளிவரத் தொடங்குகிறது. நீ ஏறக்குறைய 10 சதவீதத்தைத் தொட்டுவிட்டாய். முட்டை வெளிவந்த பிறகு சுமார் இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் கூடுகிறது. அந்த நாட்களில் மார்பின் பால் சுரப்பிகள் வீங்கி, கனமும் வலியும் வரும். மேல்பக்கமும் அக்குள் ஓரமும் அதிகம் வலிக்கக் காரணம், சுரப்பித் திசு அங்கேதான் நிறைய. பீரியட்ஸ் வந்ததும் தணிந்துவிடும். இத்தனை வருடம் உனக்கு அபூர்வமாக நடந்தது இப்போது ஒழுங்காக நடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொழுப்புத் திசு ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது உண்மை. கொழுப்பு கரையும்போது அந்த வரத்து மெல்லத்தான் குறையும். சினைப்பை மாதாமாதம் ஏற்றி இறக்கும் அளவுதான் மார்பில் உடனே தெரிகிறது.

நெல்லைச்சீமை:
தோழி, பழைய பிராவையே போடுகிறீர்களா? எட்டு கிலோ குறைந்தால் மார்பைச் சுற்றிய பட்டை கட்டாயம் தளர்ந்திருக்கும். அதோடு ஸ்கிப்பிங் செய்தால் எனக்கும் இதே வலிதான். அளவெடுத்து ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிய பிறகு நிறைய குறைந்தது. புஷ்-அப் செய்தாலும் மார்புத் தசை வலிக்கும். ஆனால் அது கையைத் தூக்கும்போது இழுக்கும், வேறு மாதிரி தெரியும்.

கடலோரம்:
எனக்கு முகத்தில் முடி வளர்வதைக் குறைக்க ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை கொடுத்தார்கள், அதனால் மார்பு வலி வந்தது. நீங்கள் அது எடுக்காததால் காரணம் வேறுதான். காபியை நிறுத்தி, ஈவினிங் பிரிம்ரோஸ் மாத்திரை எடுத்துப் பாருங்களேன்.

செவிலி அக்கா:
இரண்டுக்குமே உறுதியான ஆதாரம் இல்லைம்மா. குழந்தைக்கு முயற்சி செய்பவள் தானாக எந்த மாத்திரையும் சேர்க்க வேண்டாம். ஃபோலிக் அமிலம் மட்டும் தவறக் கூடாது, தினம் குறைந்தது 400 மைக்ரோகிராம். இன்னும் தொடங்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு உடனே தொடங்கு.

பூங்காற்று:
டெஸ்ட் நெகட்டிவ். அதற்கு அடுத்து பீரியட்ஸும் வந்துவிட்டது, வலி நன்றாகவே இறங்கிவிட்டது அக்கா. ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

செவிலி அக்கா:
இந்த ஒழுங்கில் வந்து போனால் ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டு, மூன்று மாதம் காலண்டரில் வலி நாட்களைக் குறித்து வை. ஒரே இடத்தில் விடாத வலி, கட்டி, தோல் குழிவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, காம்பிலிருந்து ரத்தம், சிவந்து காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போ. எடை குறையும்போது விலா எலும்பும் சுரப்பியும் கைக்குத் தெரியத்தான் செய்யும். ஆனாலும் எது கட்டி, எது எலும்பு என்பதை நீயே முடிவு செய்யாதே.

டயட்டை விட வேண்டாம். ஆனால் பட்டினியும் கிடக்காதே. சாப்பாடு ரொம்பவும் குறைந்தால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவே அடங்கி, இப்போது திரும்பிய பீரியட்ஸ் மறுபடி நின்றுவிடும்.

பூங்காற்று:
சரி அக்கா. நாளைக்கே ஃபோலிக் அமிலம் பற்றி டாக்டரிடம் கேட்கிறேன். இந்த இழையை அம்மாவுக்கும் படித்துக் காட்டுகிறேன்.