ரஸ்ட்: ஒரு கட்டுப்பாடு தானா வருது, இன்னொண்ணு ஏன் வரமாட்டேங்குது?

பிச்சிப்பூ_தோவாளை:
அப்பாவுக்க பூக்கடைக்கு ரசீது போட ரஸ்ட் மொழியில ஒரு சின்ன புரோகிராம் எழுதுறேன். பிச்சி கிலோ கணக்கு, தாமரை எண்ணக் கணக்கு. அதனால 'சரக்கு' டிரெய்ட்டுக்குள்ள (ஒரு டைப்புக்கு என்னென்ன இருக்கணும்னு சொல்ற பட்டியல்) 'அளவு'ன்னு ஒரு அசோசியேட்டட் டைப் (ஒவ்வொரு சரக்கும் தனக்கு ஏத்த மாதிரி நிரப்பிக்கிடுறது) வச்சிருக்கேன். அதுக்கு மேல 'விற்பனை'ன்னு இன்னொரு டிரெய்ட், அளவை எழுத்தாக் காட்ட முடியணும் (டிஸ்ப்ளே) என்கிற 'வேர்' (where) கட்டுப்பாட்டோட (கீவேர்டையும் தமிழ்ல அடிச்சிருக்கேன், மன்னிக்கணும்):

டிரெய்ட் விற்பனை: சரக்கு வேர் செல்ஃப்::அளவு: டிஸ்ப்ளே

'ரசீது' ஃபங்ஷன்ல டி: விற்பனைன்னு (விற்பனை பொருந்துற எந்த டைப்பும் டி-யா வரலாம்னு) மட்டும் போட்டா, சரக்குல உள்ள பெயர்() நல்லா வேலை செய்யுது. ஆனா அளவுக்கு டிஸ்ப்ளே இல்லன்னு இ0277 எரர். ஃபங்ஷன் உள்ள ஒண்ணுமே எழுதாம விட்டாலும் அதே எரர்! ரெண்டையும் ஒரே வரியிலதானே சொன்னேன்?

ரப்பர்தோட்டம்:
கம்பைலரே ஹெல்ப்னு ஒரு வரி காட்டியிருக்குமே. அந்த வேர் வரியை ரசீதுலயும் எழுதுங்க, தீர்ந்துது.

பிச்சிப்பூ_தோவாளை:
எழுதினா ஓடுது அண்ணே. ஆனா இதே மாதிரி பதினோரு ஃபங்ஷன் இருக்கு.

குளச்சல்_கரைமடி:
காரணம் இதான். டி: விற்பனைன்னு பார்த்ததும் கம்பைலர் அதுக்க சூப்பர் டிரெய்ட்டுகளை (அது சார்ந்திருக்க மேல் டிரெய்ட், இங்க சரக்கு) மேல வரைக்கும் விரிச்சு, 'தெரிஞ்ச விஷயம்' பட்டியல்ல சேர்த்துக்கிடும். வேர்ல செல்ஃபைப் பத்தி, அதாவது அந்த டைப்பையே பத்தி, எழுதினாலும் சேரும். வேற டைப்பைப் பத்தி எழுதினா சேராது, கூப்பிடுறவன்தான் நிரூபிக்கணும். அப்பாவுக்க சொத்து உங்களுக்குத் தானா வரும். பக்கத்து வீட்டுக்காரர் அப்பாகிட்ட சொன்ன வாக்கு வருமா? இங்க அளவுதான் பக்கத்து வீடு.

ஸ்ட்ரக்ட்ல (தரவைச் சேர்த்துக் கட்டி வைக்கிற டைப்) போடுற கட்டுப்பாடும் இப்படித்தான் திரும்பத் திரும்பக் கேக்கும். அதனாலதான் ஹேஷ்மேப் (சாவியும் மதிப்புமா சேர்த்து வைக்கிறது) ஸ்ட்ரக்ட்ல சாவிக்குக் கட்டுப்பாடே கிடையாது, ஹேஷ், ஈக்யூங்கிற கட்டுப்பாடு ரெண்டும் இன்சர்ட் இருக்க இம்ப்ள்லதான் (ஃபங்ஷன்களை எழுதுற பகுதி) வரும். இதைத் தளர்த்த 2017லயே ஆர்எஃப்சி 2089 (மொழியை மாத்தச் சொல்ற முன்மொழிவு) எழுதியாச்சு, இன்னும் முழுசா வந்து சேரல்ல.

சரக்குலயே 'டைப் அளவு: டிஸ்ப்ளே'ன்னு போட்டுருங்க. அது தானா வரும்.

பிச்சிப்பூ_தோவாளை:
முடியாது. கொள்முதல் பக்கமும் சரக்கைத்தான் எடுக்குது, அங்க உள்ள அளவுக்கு டிஸ்ப்ளே இல்ல.

குளச்சல்_கரைமடி:
அப்போ வேரை எடுத்துட்டு இப்படி:

டிரெய்ட் விற்பனை: சரக்கு<அளவு: டிஸ்ப்ளே>

இது சூப்பர் டிரெய்ட் இடத்துலயே உக்காருது, அதனால கூடவே வரும்.

பிச்சிப்பூ_தோவாளை:
இப்போ இ0658 எரர், அன்ஸ்டேபிள் (இன்னும் உறுதியாகாத வசதி)னு சொல்லுது. உபுண்டு 24.04ல ஏப்ட் (உபுண்டுக்க சொந்த மென்பொருள் நிறுவி) வழியா போட்ட ரஸ்ட்.

ரப்பர்தோட்டம்:
அது ரஸ்ட் 1.75 பதிப்பு. இந்த எழுத்துமுறை 1.79லதான், 2024 ஜூன்ல ஸ்டேபிள் ஆச்சு. ஏப்ட்ல போட்டதை எடுத்துட்டு ரஸ்ட்அப் (புது ரஸ்ட் பதிப்பை நிறுவுற கருவி) போடுங்க. முதல்ல நான் சொன்னது ஒட்டுப்போடுற வேலைதான், ஒத்துக்கிடுறேன்.

பிச்சிப்பூ_தோவாளை:
போட்டாச்சு, பதினோரு ஃபங்ஷன்லயும் வேரை அழிச்சாச்சு, கம்பைல் ஆகுது. ரெண்டு அண்ணன்மாருக்கும் நன்றி. விடியுமுன்ன சந்தைக்குப் போகணும், தாமரை ரசீதை அங்க வச்சே பார்த்துக்கிடுறேன்.