பணிவிதிகளில் ‘அவன்/அவள்’: எப்படித் திருத்துவது?

பச்சை மை:
ஒரு நிறுவனத்தின் பணிவிதிகளைப் பாலினப் பாகுபாடு இல்லாமல் திருத்த வேண்டும். இப்போதைய வாசகம்: “பணியாளன் விடுப்பில் செல்லும்போது அவன் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பணியாளன் இறந்தால் அவனது விதவைக்கு நிலுவைத் தொகை வழங்கப்படும்.” சாய்கோடு போட்டால் வினையிலும் ‘தவறினான்/தவறினாள்’ என்று போட வேண்டிவருகிறது, படிக்க முடியவில்லை. ‘ஆண்பாற்சொல் பெண்ணையும் குறிக்கும்’ என்று முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதாதா?

வரைவாளர்:
சாய்கோடு வேண்டாம். வினைமுற்றுதான் பால் காட்டும், எச்சம் காட்டாது. ‘செல்லும்’, ‘இறந்தால்’, ‘தவறினால்’ எதற்கும் பால் இல்லை. ‘வேண்டும்’, ‘கூடாது’ என்பவற்றுக்கும் இல்லை. எழுவாயை ‘ர்’ விகுதிக்கு மாற்றி, சும்மா நிற்கும் ‘அவன்’களை எடுத்துவிடுங்கள்:

“விடுப்பில் செல்லும் பணியாளர் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பணியாளர் இறந்தால் நிலுவைத் தொகை வாழ்க்கைத்துணைக்கு வழங்கப்படும்.”

வாசகமும் சுருங்கிவிட்டது. ‘விதவை’ இருக்கும்வரை, பெண் பணியாளரின் கணவருக்குத் தொகை கிடையாது என்று வாதாட இடமுண்டு. இது வெறும் நடை விஷயமில்லை.

கணினியில் ‘கணவன்’ என்று தேடினால் ‘கணவனுக்கு’, ‘கணவரின்’ தப்பிவிடும். ‘கணவ’ என்று மட்டும் தேடுங்கள். ‘அனைத்தையும் மாற்று’ பக்கம் போகவே வேண்டாம். ‘பணியாளர் தவறினான்’ என்று வந்து நிற்கும்.

சட்டப்புள்ளி:
அந்த ஒற்றை வரியை நம்பாதீர்கள். பிரிட்டனில் 1850ஆம் ஆண்டுச் சட்டமே அப்படிச் சொன்னது. ஆனால் 1867 சட்டம் ‘மேன்’ என்று எழுதி வாக்குரிமை தந்தபோது, அந்தச் சொல்லில் பெண்கள் அடங்கமாட்டார்கள் என்று 1868இல் சோர்ல்டன் எதிர் லிங்ஸ் வழக்கில் தீர்ப்பானது. சலுகை என்று வந்ததும் ‘அடக்கம்’ காணாமல் போய்விட்டது.

நகல் மேசை:
‘ர்’ போட்டதும் வேலை முடிந்துவிடாது. ஒரே சுற்றறிக்கையில் மேலே ‘மேலாளர்’, ‘பொறியாளர்’. கீழே ‘காவல்காரன்’, ‘துப்புரவுப் பெண்’. சம்பளம் இறங்க இறங்க மரியாதை விகுதியும் கழன்றுகொள்கிறது. ‘காவலர்’, ‘தூய்மைப் பணியாளர்’ என்று கடைசி வரிவரை பாருங்கள். ஒழுங்கு நடவடிக்கைப் பகுதியில் ‘கற்பழிப்பு’ இருந்தால் ‘பாலியல் வன்கொடுமை’ ஆக்குங்கள். பழைய சொல் குற்றத்தை விட்டுவிட்டுப் பெண்ணின் கற்பை அளக்கிறது.

படிவங்களில் ‘திரு/திருமதி/செல்வி’ பெண்ணிடம் மட்டும் திருமண நிலையைக் கேட்கிறது. எடுத்துவிடலாம், ஒன்றும் கெடாது. ‘தந்தை/கணவர் பெயர்’ எதற்கு என்று முதலில் கேளுங்கள். அவசரத் தொடர்புக்கு என்றால் ‘அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்’, பக்கத்தில் ‘உறவுமுறை’. அச்சுப் படிவத்தை மட்டும் மாற்றிவிட்டு, மென்பொருளில் தந்தை பெயரைக் கட்டாயமாகவே விட்டுவைப்பது வழக்கமான கோளாறு.

பச்சை மை:
நன்றி. ‘மாணவ மாணவியர்’ மாதிரி இரண்டையும் சொல்வது?

வரைவாளர்:
விதியில் வேண்டாம், திருநர் வெளியே நின்றுவிடுவார்கள். ஆள்சேர்ப்பு அறிவிப்பில் மட்டும் ‘எப்பாலினத்தவரும் விண்ணப்பிக்கலாம்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

நகல் மேசை:
ஒன்று விட்டுப்போயிற்று. ‘குடும்பத் தலைவர்’ கட்டத்துக்குப் பெண்பாலாக ‘குடும்பத் தலைவி’ என்று சேர்த்துவிடாதீர்கள். அது தொழில் கட்டத்தில் ‘வேலைக்குப் போகாதவர்’ என்பதற்கு எழுதும் சொல். ‘குடும்பத் தலைவர் (எப்பாலினத்தவரும்)’ என்றே இருக்கட்டும்.