இரண்டு ஊர்களின் வாடகைச் செலவை ஒப்பிடுவது எப்படி? வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வேறு ஊருக்குக் குடும்பத்தோடு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். சம்பளம் கூடும், வாடகையும் கூடும். கடைசியில் கையில் என்ன நிற்கும் என்பதுதான் பிடிபடவில்லை.

பல நகரங்களின் செலவுகளை ஒப்பிட்டுக் காட்டும் நம்பியோ (Numbeo) இணையதளத்தைப் பார்த்தேன். நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற நகரங்களுக்கு எண் தருகிறார்கள். ஆனால் அதன் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேராது, அதற்குத் தனிக் குறியீடு. ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு தப்பிவிடும்.

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருக்கட்டும் என்கிறார்கள். அது அமெரிக்க அரசு வீட்டுவசதித் திட்டங்களில் 1969இல் 25 சதவீதமாக வந்து, 1981இல் 30 ஆக உயர்ந்த வரம்பு. எல்லோருக்கும் பொருந்துமா? சம்பளம் குறைவாக இருந்தால் மீதி 70 சதவீதத்தில் மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாம் அடங்காது. அதனால் வரி, வாடகை, போக்குவரத்து போக மிஞ்சும் தொகையை ஒப்பிடுவதே சரி என்று படுகிறது.

இப்படிக் கணக்குப் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சராசரி வாடகையை எடுப்பதா, நடுமதிப்பையா (வாடகைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது)? நாலு சொகுசு வீடுகள் இருந்தாலே சராசரி ஏறிவிடுகிறதே. அப்புறம், விளம்பரத்தில் வரும் வாடகைக்கும் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் தருவதற்கும் உள்ள இடைவெளியை எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பணம், பராமரிப்புக் கட்டணத்தை மாதக் கணக்கில் எப்படிச் சேர்த்தீர்கள்? யாரிடமாவது எக்செல் தாள் இருந்தால் பகிருங்கள், பெரிய உதவியாக இருக்கும்.